மலிவுக் கத்தியும் தம்பானூர் சலூனும்

மடக்கு சவரக்கத்தி மறுபடியும் வந்துவிட்டது மக்களே! தாத்தா காலத்தோடு போயே போச்சு என்று நினைத்த சாமான், இப்போது இணையக் கடைகளில் மரப்பெட்டி, வெல்வெட் துணி, பிரஷ், சோப்புக் கிண்ணம் சகிதம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. இங்கே மஸ்கட்டில் என்னோடு ஆபீசில் வேலை பார்க்கிற சின்னப் பையன்களில் (எனக்கு நாற்பது தாண்டியாச்சு, முப்பதுக்குக் கீழே எல்லாருமே சின்னப் பையன்கள்தான்) இரண்டு பேர் வாங்கியும் விட்டார்கள். ஒருத்தன் தாடையில் பிளாஸ்திரியோடு வந்தான். இன்னொருத்தன் தாடி வளர்க்க ஆரம்பித்துவிட்டான். காரணம் கேட்கவில்லை.

விலையைப் பார்த்தால்தான் குழப்பம். பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு கத்தி. ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். இன்னொன்று ஜெர்மனியில் சோலிங்கன் என்கிற ஊரில் செய்தது, பத்தாயிரத்தைத் தாண்டி எங்கேயோ போகிறது. நம்ம ஆட்களுக்கு உடனே வருகிற கேள்வி: 'இரும்புதானே? மலிவானதையே வாங்கினால் என்ன?'

என் பதில், பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்பதுதான். ஆனால் 'மலிவு என்றால் மட்டம்' என்று நம் பெரியவர்கள் சொல்கிற காரணத்துக்காக இல்லை. அந்தக் காரணத்தைச் சரித்திரம் பல தடவை பொய்யாக்கியிருக்கிறது. விஷயம் வேறே இடத்தில் இருக்கிறது. அதைப் பிடிக்க பரங்கிப்பேட்டை, ஷெஃபீல்டு, சோலிங்கன் என்று ஒரு சுற்று போய்விட்டு, நான் வளர்ந்த திருவனந்தபுரம் தம்பானூரில் வந்து இறங்க வேண்டும். காமர்ஸ் படித்தவன் எழுதுகிற சரித்திரம். நடுநடுவே கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரும்பு.

1790களில் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்கிற டாக்டர், லண்டனில் ராயல் சொசைட்டி தலைவராக இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குச் சில உருக்குக் கட்டிகளை அனுப்பிவைத்தார். அங்கே அதற்கு 'வூட்ஸ்' என்று பெயர் விழுந்தது. நம்ம 'உருக்கு', கன்னடத்து 'உக்கு', இவற்றிலிருந்து திரிந்த பெயர் என்று சொல்வார்கள். மண்குவளையில் இரும்பையும் கரியையும் போட்டு மூடி உருக்கி எடுக்கிற வித்தை அது. சேலம், திருச்சி வட்டாரத்துக் கொல்லர்களுக்குக் கைவந்த கலை. லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்று ஒரு கத்தி செய்பவர். அவர் இந்த எஃகில் ஆபரேஷன் கத்தி, சவரக்கத்தி எல்லாம் அடித்துப் பார்த்தார். ரொம்ப நாள் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, ஐரோப்பாவின் சிறந்த எஃகை விட இந்திய எஃகுதான் தனக்கு உசத்தி என்று தன் கடை அட்டையிலேயே அச்சடித்துப் போட்டுக்கொண்டார். விளம்பரத்துக்காகச் சொன்னதாகவே இருக்கட்டும். 1819 வாக்கில் அவரோடு சேர்ந்து இந்த எஃகின் ரகசியத்தைத் தேட ஆரம்பித்தவர் யார் தெரியுமா? மின்சாரப் பாடத்தில் நாம் படித்தோமே, அதே மைக்கேல் ஃபாரடே! எஃகில் பிளாட்டினம், ரோடியம் என்று எதை எதையோ கலந்து பார்த்து, அதில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

அடுத்த ஆள் ஜோசையா மார்ஷல் ஹீத். இவர் கதையை வங்கிப் பயிற்சிக் கல்லூரியில் பாடமாக வைக்கலாம் என்பது என் நெடுநாள் கருத்து. கிழக்கிந்தியக் கம்பெனியில் நல்ல உத்தியோகம். சேலம் பக்கத்து இரும்புத்தாதைப் பார்த்து ஆசைப்பட்டு, உத்தியோகத்தை உதறிவிட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய மாதிரி உலை போட்டார். மலபார் கரையில் பேப்பூரிலும் ஒரு கிளை. கம்பெனியிடம் கடன் வாங்கி, கடனை அடைக்கக் கடன் வாங்கி... கரிக்குக் காடு போதவில்லை, தாது தொலைவிலிருந்து வரணும், லாபம் மட்டும் வரவே இல்லை. (இந்த மாதிரி பிராஜக்ட் ரிப்போர்ட் இன்றைக்கும் என் மேஜைக்கு வருகிறது. படங்கள் மட்டும் கலரில்.)

கடைசியில் ஷெஃபீல்டு போய்ச் சேர்ந்தார். இந்தியாவில் படித்த பாடம் வீண் போகவில்லை. எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்த்தால், சாதாரண இங்கிலீஷ் இரும்பிலிருந்தே நல்ல எஃகு வரும் என்று கண்டுபிடித்து 1839இல் பேட்டன்ட் வாங்கினார். அதுவரை நல்ல கத்தி எஃகுக்கு ஸ்வீடன் இரும்புதான் வேண்டும், விலையும் அதற்கேற்ற மாதிரி. ஹீத் வழியில் விலை கணிசமாக இறங்கியது. ஆனால் பேட்டன்டில் அவர் எழுதியிருந்தது ஒரு சேர்மானம். அதைவிட மலிவாக, மாங்கனீஸ் ஆக்சைடையும் கரிப்பொருளையும் குவளையில் நேரடியாகப் போட்டாலே போதும் என்று பிறகு அவரே தெரிந்துகொண்டு, தன் ஏஜென்ட் அன்வினிடமும் சொன்னார். 'அது உம்ம பேட்டன்டில் எழுதலையே' என்று ஏஜென்ட் தானே தொழிலை ஆரம்பித்துவிட்டார். வழக்கு ஓடு ஓடு என்று ஓடியது. 1851இல் ஹீத் இறந்தே போனார். 1855இல் பிரபுக்கள் சபை வரை போய் அவர் தரப்பு தோற்றது. ஆக, ஷெஃபீல்டு கத்தி மலிவானதற்குப் பின்னால் நம்ம பரங்கிப்பேட்டையின் ஒரு வாராக்கடன் இருக்கிறது.

இனி மலிவுச் சரக்கின் நிஜக் கதை. ஷெஃபீல்டு உச்சத்தில் இருந்தபோது ஜெர்மனியின் சோலிங்கன்காரர்கள் என்ன செய்தார்கள்? இன்றைக்கு நாம் சீனாவைச் சொல்கிறோமே, அதே வேலை. மலிவாகச் செய்து, அதில் 'ஷெஃபீல்டு' என்று முத்திரை குத்தி உலகமெல்லாம் விற்றார்கள். 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த உலகக் கண்காட்சியைப் பார்க்கப் போன ஃபிரான்ஸ் ரூலோ என்கிற ஜெர்மன் பேராசிரியரே, எங்கள் நாட்டுச் சரக்கு மலிவு, கூடவே மட்டம் என்று ஊருக்கு எழுதிப் பெரிய அமளியாகிவிட்டது. ஷெஃபீல்டுகாரர்கள் போட்ட கூச்சலில் 1887இல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் வணிகக்குறிச் சட்டம் கொண்டுவந்தது. பொய் முத்திரை போடக்கூடாது, வெளிநாட்டுச் சரக்கு என்றால் செய்த நாட்டைச் சொல்லணும். 1889இல் இந்தியாவுக்கும் அதே மாதிரி ஒரு சட்டம். 'மேட் இன் ஜெர்மனி' என்பது அன்றைக்கு ஜாக்கிரதை என்கிற எச்சரிக்கை போர்டு!

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சோலிங்கன்காரர்கள் சவரக்கத்தியின் இரண்டு பக்கமும் உள்குழிவாகத் தேய்த்து, விளிம்பைக் காகிதம் மாதிரி ஆக்குகிற வித்தையில் உலகத்தையே மிஞ்சிவிட்டார்கள். எச்சரிக்கை போர்டு கௌரவப் பட்டமாக மாறியது. 1938இல் 'சோலிங்கன்' என்கிற ஊர்ப்பெயரைக் காப்பாற்ற ஜெர்மனியே தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. ஏனென்றால் இப்போது மற்றவர்கள் அந்தப் பெயரைத் திருடிக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு மலிவுக் கத்தி வருகிற ஊர்கள் வேறே. பாகிஸ்தானில் சியால்கோட், வஜீராபாத் பக்கம். சியால்கோட் ஆபரேஷன் கருவிகளுக்கு உலகப் பிரசித்தம், வஜீராபாத் கத்திக்கு. அப்புறம் சீனா. சீனாவின் 'கோல்ட் டாலர்' கத்திக்கு இந்தப் பித்துப் பிடித்தவர்களிடையே தனி ரசிகர் கூட்டமே உண்டு. எஃகு மோசமில்லை, தேய்ப்புதான் அரைகுறை. மணிக்கணக்காக உட்கார்ந்து கல்லில் தேய்த்து நேராக்கினால் அருமையாகச் சிரைக்கும் என்று சத்தியம் பண்ணுகிறார்கள். இன்னொரு ரகமும் இருக்கிறது. பளபளப்பான வரி வரியான 'டமாஸ்கஸ்' அலங்காரம், வண்ணவண்ணக் கைப்பிடி, விளிம்பு மட்டும் மொண்ணை. அது கத்தி மாதிரி இருக்கிற ஒரு பொருள், அவ்வளவுதான். ஷோகேஸில் வைக்கலாம்.

ஆக மலிவு வேறே, மட்டம் வேறே. ஒரு தலைமுறையின் மட்டச் சரக்கு அடுத்த தலைமுறையின் தங்கம். அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்?

கொசுவத்தி சுத்துகிறேன், தயாராகிக்கொள்ளுங்கள்.

தம்பானூர் என்றால் தெரியாதவர்களுக்கு: திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேஷனும் எதிரே பஸ் ஸ்டாண்டும் இருக்கிற இடம். தாழ்வான பூமி. நல்ல மழை பெய்தால் தண்ணீர் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கும், 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்று பேர் வைத்து ஓடைகளைத் திறந்துவிட்டார்கள். ரயில் 1918இலேயே திருவனந்தபுரத்துக்கு வந்துவிட்டாலும், தம்பானூர் வரை வந்தது 1931இல்தான். பக்கத்திலேயே சாலை பஜார். தமிழ் வியாபாரிகள், கணக்குப்பிள்ளைகள், சுமை தூக்குகிறவர்கள் என்று நம்ம கூட்டம் அங்கே தலைமுறை தலைமுறையாக. 1956 நவம்பர் 1 வரை நாகர்கோவிலும் அதே திருவிதாங்கூர்தானே! மாநிலம் பிரிந்தது, பிழைப்பு பிரியவில்லை. 1979இல் நாகர்கோவில் பக்கம் ரயிலும் ஓட ஆரம்பித்ததும் போக்குவரத்து இன்னும் சுலபம். என் அப்பா சாலையில் ஒரு மண்டியில் கணக்கெழுதினார். நாங்கள் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம்.

லாட்ஜ்களுக்கு நடுவே சின்னச் சின்ன சலூன்கள். காலையில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள், செக்ரட்டேரியட்டில் மனு கொடுக்கப் போகிறவர்கள், பெண் பார்க்க வந்தவர்கள் என்று எல்லாருக்கும் முதலில் தேவை ஒரு சவரம். நாங்கள் போகிற கடையில் இருந்தவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்போம். எண்பதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது பத்து வயசு. நாற்காலியின் கைகள் மேலே பலகை போட்டு உட்கார வைப்பார். முடி வெட்டி முடிந்ததும் கிருதாவையும் பிடரியையும் கத்தியால் ஒதுக்க வேண்டும். அந்த நிமிஷத்துக்குத்தான் பயம்.

"தலைய ஆட்டாத மக்ளே. ஆட்டினா காது எனக்கு, மீதி உனக்கு."

அவரிடம் இரண்டு கத்தி. ஒன்று அவருடைய அப்பாவின் அடைப்பத்திலிருந்து வந்தது, 'ஜெர்மன்' என்பார். தேய்ந்து தேய்ந்து விரல் அகலம்கூட இல்லை. இன்னொன்று சாலை பஜாரில் வாங்கிய சாதாரண நாட்டுக் கத்தி. எது நல்ல கத்தி என்று ஒருநாள் கேட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்றார்.

"கத்தி காசுக்குக் கிட்டும் மக்ளே. மூர்ச்ச காசுக்குக் கிட்டாது. அது நான் உண்டாக்கணும்."

மலையாளத்தில் 'மூர்ச்ச' என்றால் கூர்மை. நாகர்கோவில் பேச்சிலும் உண்டு. பள்ளிக்கூடத்துத் தமிழில் மூர்ச்சை என்றால் மயக்கம். கத்தியைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் வரும்!

அவர் அந்த மூர்ச்சையை உண்டாக்கின விதத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் வழவழப்பான ஒரு கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியைப் படுக்க வைத்து, முதுகும் விளிம்பும் ஒன்றாகக் கல்லைத் தொடுகிற மாதிரி தேய்ப்பார். (முதுகு தடிமனாக இருப்பது இதற்காகத்தான். அதுவே கோணத்தைப் பார்த்துக்கொள்ளும்.) மெதுவாக, அழுத்தம் கொடுக்காமல், ரொம்ப நேரம். அப்புறம் ஒவ்வொரு ஆளுக்கு முன்னாலும் நாற்காலியில் கட்டித் தொங்கும் தோல்வாரில் பத்திருபது இழுப்பு. கடைசியாக உள்ளங்கையில் நாலு தடவை. அந்த உள்ளங்கை தோல்வாரைவிடக் கெட்டி. ஒருநாள் விட்டாலும் விளிம்பு சொரசொரவென்று ஆகிவிடும். ஈரம் பட்டால் துரு. திருவனந்தபுரத்து மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம், தேங்காயெண்ணெய் தடவித்தான் வைக்கணும்.

இங்கேதான் என் காமர்ஸ் புத்தி விழித்துக்கொள்கிறது. மடக்கு சவரக்கத்தி வீட்டுச் சாமான் கணக்கில் வராது, அது தொழில் கருவி. தையல் மெஷின், தராசு மாதிரி. ஒரு நாளைக்கு இருபது முகம் சிரைக்கிறவருக்கு, கல்லில் போகிற ஒரு மணி நேரம் இருபது முகத்துக்கும் பங்கு போடப்படும். வருஷக் கணக்கில் கத்தியின் விலை ஒன்றுமே இல்லாமல் போய்விடும். தினம் ஒரே முகம், அதுவும் தன் முகம், சிரைக்கிறவருக்கு அந்த உழைப்பு முழுக்க ஒரே தலையில். கத்தி மலிவாக ஆக, அந்த உழைப்பு கூடத்தான் செய்யும். கோல்ட் டாலரைத் தேய்த்து நேராக்குகிற மணி நேரங்களை யார் கணக்கில் எழுதுவது?

நம்ம ஊரில் சவரம் மலிவாக இருந்ததன் ரகசியமும் இதுதான். மலிவாக இருந்தது கத்தி இல்லை, கத்தி பிடித்தவரின் நேரம். கிராமத்து நாவிதருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி கிடையாது. அறுவடையில் களத்தில் அளக்கிற நெல்தான். அந்தப் பங்குக்குப் பெயர் 'சுதந்திரம்'! பெயரில் மட்டும்தான். சவரத்தோடு கட்டி அறுப்பது, மருந்து போடுவது எல்லாம் அவர். பிரசவம் பார்ப்பது அவர் வீட்டுப் பெண்கள். தமிழ்நாட்டில் அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர். (லண்டனிலும் 1540 முதல் 1745 வரை நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் ஒரே சங்கம்தான்.) இத்தனைக்கும் மேலே அரசாங்கத்துக்கு வரி வேறே. விஜயநகரத்தில் நாவிதர்கள் மேல் இருந்த வரி 1540களில் ரத்தானதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. சதாசிவ ராயர் பேருக்கு ராஜா, ஆட்சி ராம ராயர் கையில். பாதாமியைச் சேர்ந்த கொண்டோஜா என்கிற நாவிதரின் கைத்திறமையில் மகிழ்ந்து ராம ராயர் செய்த உபகாரம் அது. வரிவிலக்கு வாங்கித்தந்த சவரம் சரித்திரத்தில் வேறே உண்டா தெரியவில்லை.

வீட்டிலேயே சிரைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கியது கத்தி இல்லை, பிளேடு. கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் விற்பனை ஆரம்பித்தபோது முதல் வருஷம் போனது 51 ரேசர், 168 பிளேடு. எந்த பேங்க் மேனேஜரும் அந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டார். ஆனால் அவர் விற்றது பிளேடு இல்லை என்பது என் கருத்து. கல்லில் தேய்க்கிற அந்த மணி நேரத்தை ஆலையில் செய்து, காகிதத்தில் சுற்றி விற்றார். மொண்ணையானால் தூக்கிப் போடு, வேறே எடு. முதல் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு ராணுவமே ரேசர் கொடுத்தது. வீடு திரும்பியவர்கள் அந்தப் பழக்கத்தோடு திரும்பினார்கள்.

இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்ததும் மல்ஹோத்ரா குடும்பத்தின் ஆலைகள் பிளேடு செய்து தள்ளின. பனாமா, டோபாஸ் எல்லாம் நம் அப்பாக்களின் கண்ணாடி அலமாரியில் இருந்தவை. கூடவே கல்ஃப்காரர் யாராவது கொண்டுவந்து கொடுத்த ஃபாரின் பிளேடு ஒரு பாக்கெட், கல்யாணம் காட்சிக்காக!

பிறகு 2010இல் இந்தியாவுக்கென்றே 'ஜில்லெட் கார்டு' வந்தது. ரேசர் 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். அதற்கு முன்பு வந்த 'வெக்டர்' என்கிற ரேசரை அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படிக்கிற இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்களாம். பிரமாதம் என்றார்கள். இந்தியாவுக்கு வந்தால் முடி அடைத்துக்கொள்கிறது என்று புகார். காரணம், அங்கே குழாயில் தண்ணீர் கொட்டும், இங்கே ஒரு குவளைத் தண்ணீர்தான். நம்மைப் போல வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களைக் கேட்டு ஊர் நிலவரம் தெரிந்துகொண்டால் இப்படித்தான் ஆகும் :-)

ஆனால் சலூனில் இருந்த கத்தியை பிளேடு விலை ஒன்றும் செய்யவில்லை. அதை ஒழித்தது பயம். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். தொண்ணூறுகளில் சுவர் விளம்பரம், ரேடியோ எல்லாவற்றிலும் ஒரே வாசகம், ஒவ்வொருவருக்கும் புது பிளேடு. மஞ்சள் காமாலை பயமும் சேர்ந்துகொண்டது. நியாயமான பயம்தான். ஒரே கத்தி, ஒரே கிண்ணித் தண்ணீர், ஒரே படிகாரக் கட்டி, ஊர்முழுக்கத் தாடை! அண்ணாச்சியின் கடையிலும் ஒரு விடுமுறைக்குப் போனபோது பிளேடு மாட்டுகிற கத்தி வந்திருந்தது. பிளேடை இரண்டாக உடைத்துப் பாதியைச் செருகினால் முடிந்தது. தோல்வார் ஆணியிலேயே தொங்கியது. கல்லைக் காணோம். மத்தியானம் அவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம், தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு ஆளுக்குப் பாதி பிளேடு என்று புதுச் செலவு ஏறியதே தவிர, சவரக் கூலியை ஏற்றினால் சாலைக் கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். கூர்மை அவர் உழைப்பாக இருந்தவரை யாரும் அதற்குக் காசு கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை.

கத்தியைப் பற்றி எழுதும்போது, அது யாரைத் தொட்டது, யாரைத் தொடவில்லை என்பதைச் சொல்லாமல் போக முடியாது. காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார முடிதிருத்துபவர் அவருக்கு வெட்ட மறுத்துவிட்டார். உடனே ஒரு கிளிப்பர் வாங்கி, கண்ணாடி முன்னால் நின்று தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் பரவாயில்லை, பின்பக்கம் கோரம். எலி கடித்ததா என்று கோர்ட்டில் நண்பர்கள் சிரித்ததை சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதோடு விடவில்லை. அந்த ஆள்மேல் கோபமில்லை, நம் நாவிதர்கள் தீண்டப்படாதவர்களுக்குச் சிரைக்க நாமே விடுவதில்லையே, அதற்கான கூலிதான் எனக்குக் கிடைத்தது என்கிறார். பிழைக்கப் போன ஊரில் இருந்துகொண்டு அதைப் படிக்கும்போது சுருக்கென்றது.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். கேரளத்தில் இடுக்கி மாவட்டத்து வட்டவடை. மூணாறுக்கு அப்பால், பெரும்பாலும் தமிழ் பேசுகிற பஞ்சாயத்து. அங்கே தலித் மக்களுக்கு சலூனில் இடமில்லை என்று தலைமுறைகளாக வழக்கம், முடி வெட்ட வெளியூர் போக வேண்டும். 2020இல் பஞ்சாயத்தே எல்லாருக்கும் பொதுவாக ஒரு முடிதிருத்தகம் திறந்தது. இருபது ரூபாய் பிளேடு பாக்கெட் வாங்க யாரும் சாதி கேட்கவில்லை என்பதையும் பிளேடின் வரவுப் பக்கத்தில் எழுதத்தான் வேண்டும். தம்பானூர் மாதிரி ரயிலடிச் சலூன்களையும் அதே பக்கத்தில் எழுதலாம். ரயிலை விட்டு இறங்கிய ஆளின் ஊர் பேர் யாருக்குத் தெரியும்?

சரி, கணக்கை முடித்துவிடுவோம். மலிவுக் கத்தி ஆயிரம். அதைக் கூராக்கக் கல், குறைந்தது இரண்டு ரகம். அப்புறம் தோல்வார், பிரஷ், சோப்பு. எப்படிச் சுருக்கினாலும் ஆறாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் சாதாரண பழைய மாதிரி ரேசரில் போடுகிற பிளேடு மூன்று ரூபாய், நாலு நாள் வரும். வருஷத்துக்கு 90 பிளேடு, 270 ரூபாய். ஆறாயிரத்தை 270ஆல் வகுத்தால் இருபத்திரண்டு வருஷம்! வட்டி போட்டால் அசலே வராது. அதிலும் தினம் தோல்வாரில் செலவாகும் நேரத்துக்கு நான் மதிப்பே போடவில்லை. காசு மிச்சம் என்று யாராவது மலிவுக் கத்தி வாங்கினால், லோன் அப்ளிகேஷனைத் திருப்பி அனுப்புகிற மாதிரி திருப்பி அனுப்புவேன்.

காசுக்காக இல்லை, அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான் என்றால் அது வேறே விஷயம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கல்லோடு உட்காருவது நல்ல பொழுதுபோக்குதான், டிவி சீரியலுக்கு எவ்வளவோ மேல். அப்படிப்பட்டவர்கள் முதலில் பிளேடு மாட்டுகிற கத்தி வாங்கிக் கை பழகட்டும், சில நூறு ரூபாய்தான். பிறகு புது மலிவுக் கத்தியைவிட, யாரோ பயன்படுத்திய பழைய சோலிங்கனோ ஷெஃபீல்டோ தேடுங்கள். விளிம்பில் பல் விழுந்திருக்கக் கூடாது. கண்ணாடி மேல் படுக்க வைத்தால் முதுகும் விளிம்பும் ஆடாமல் உட்காரணும். துரு மேலாக இருந்தால் பரவாயில்லை, விளிம்பில் புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். முதல் தடவை கூராக்குவதைத் தெரிந்தவர் கையில் கொடுத்து, அவர் கேட்கிற காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

ஊருக்குப் போகும்போது கத்தியைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள். ஏர்போர்ட் செக்யூரிட்டியில் சோலிங்கனும் கோல்ட் டாலரும் ஒன்றுதான், இரண்டையும் பிடுங்கிக்கொள்வார்கள்.